மூட்டு ஊசிகளும் உப்பு நீரும்

ஊத்துக்குளி சாலையை ஒட்டி, நொய்யலுக்குச் சமீபமாகக் கிடக்கும் மண்ணரை, முன்னொரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்து இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பகுதி. பனியன் கம்பெனிகளும் பவர்டேபிள் கூடங்களும் வீடுகளுக்கு இடையிலேயே நெருங்கி நிற்கும் இத்தகைய இடங்களில் முழங்கால் வலி என்பது முதுமையோடு வரும் ஒரு விருந்தாளியாக இல்லாமல், நாற்பது வயதிலேயே வேலையோடு வந்து சேர்ந்துவிடுகிற உபத்திரவமாக இருக்கிறது. காலை எட்டரை மணிக்குச் செக்கிங் மேஜையின் முன் வந்து நிற்கும் ஒரு பெண், பீஸை எடுத்து விரித்து, கழுத்தையும் கைப்பட்டியையும் இழுத்துப் பார்த்து, உள்புறம் புரட்டித் தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவி, எண்ணெய்க் கறை பட்டதையும் ஓட்டை விழுந்ததையும் டேமேஜ் என்று ஒரு பக்கம் தள்ளி, பிசிறு நூலை டிரிம்மரால் நறுக்கி, நல்லதை மறுபக்கம் அடுக்குகிறாள். சரக்கு அவசரமாகப் போகவேண்டிய நாட்களில் ஒன்றரை ஷிப்ட் என்று இரவு எட்டரை வரையில் இதே நிலையில் நிற்கிறாள். இடையில் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொள்வது ஒன்றே அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு. வீட்டுக்குப் போனாலும் சம்மணமிட்டு உட்காரவேண்டும், குத்தவைத்து எழவேண்டும், மாடிப்படி ஏறவேண்டும்.

இவள் வைத்தியரிடம் போனால், "மூட்டு தேய்ந்துவிட்டது, சவ்வு போய்விட்டது, ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்ற வார்த்தை சீக்கிரத்திலேயே வந்து விழுகிறது. ஸ்டீராய்டு ஊசி, ஜெல் ஊசி, அவளுடைய ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசி, அண்மைக் காலத்தில் ஸ்டெம் செல் ஊசி என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. அவற்றுள் முதலாவதைத் தவிர மற்றவை பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. பல வாரச் சம்பளத்தை ஒரே ஊசிமுனையில் விழுங்கிவிடக் கூடியவை. ஆகவே இந்த ஊசிகள் எவ்வாறு பரீட்சிக்கப்பட்டன, அந்தப் பரீட்சைகள் எதை நிரூபித்தன, எதை நிரூபிக்கவில்லை என்ற விசாரணை, வைத்திய சாஸ்திரிகளின் சபைக்கு மட்டும் உரிய வித்தியா வினோதம் அன்று. சம்பளக் கவரைப் பிரித்து எண்ணுகிறவர்களுக்கே முதன்மையாக உரிய விஷயம்.

வியாதியின் அளவை முதலில் சொல்லிவிடுவோம். 2020-ஆம் ஆண்டில் உலகத்தில் 59 கோடிக்கு மேற்பட்டவர்கள் மூட்டுத் தேய்வால் அவதிப்பட்டார்கள் என்பது சர்வதேச நோய்ச்சுமைக் கணக்கு. இந்தியாவில் 1990-இல் சுமார் 2.3 கோடியாக இருந்த தொகை 2019-இல் 6.2 கோடியாக உயர்ந்தது. தேய்வு என்ற பெயர் வழங்கினாலும், இது சக்கரம் தேய்வது போன்ற வெறும் உராய்வு அன்று. எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிகிறது. அதன் அடியிலுள்ள எலும்பு இறுகி ஓரங்களில் முள்போல வளர்கிறது. மூட்டின் உள்ளுறை அழன்று நீர் சுரக்கிறது. சுற்றியுள்ள தசை நலிகிறது. குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. எனவே வலி அதிலிருந்து பிறப்பதன்று, அதற்கு அடுத்தும் சுற்றியும் உள்ள திசுக்களிலிருந்தே பிறக்கிறது. எக்ஸ்ரே படத்தில் மூட்டு முற்றிலும் சிதைந்தவர் சிலர் நடமாடிக்கொண்டிருப்பதும், படத்தில் சிறு மாறுதலே உடையவர் வேதனையால் துடிப்பதும் இதனாலேதான். இந்த முரண்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் பரீட்சைகளின் விசித்திரமான முடிவுகள் நமக்குத் திகைப்பளிக்க மாட்டா.

மூட்டுக்குள் மருந்து செலுத்தும் முறை, ஸ்டீராய்டு மருந்துகளின் பிறப்போடு கூடவே பிறந்தது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்து அற்புதம்போன்ற பலனைக் கண்டார். 1950-இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்டிசோனை நேரே மூட்டுக்குள் செலுத்தி அதன் பலனைப் பிரசுரித்தார். உடம்பு முழுவதும் பரவி உபத்திரவம் செய்யும் மருந்தை, வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்திவிடலாம் என்ற அந்த எண்ணம் எளிமையும் அழகும் உடையது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்டது.

ஆனால், நோயாளிக்கு ஊசி போட்டோம், வலி குறைந்தது, ஆகவே ஊசியால் வலி குறைந்தது என்ற அனுமானம் மூட்டுத் தேய்வில் பெரும்பாலும் பிழையாக முடிகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இந்தக் கட்டுரையின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மூட்டு வலி ஒரே சீராக இருப்பதன்று. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். மனிதர் வைத்தியரைத் தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும் தினத்தில். உச்சத்திலிருந்து அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. இரண்டாவதாக, வீங்கிய மூட்டிலிருந்து வைத்தியர் முதலில் நீரை உறிஞ்சி எடுப்பார். அதனாலேயே சிறிது சுகம் உண்டாகும். மூன்றாவது, நம்பிக்கை. ஊசி என்பது மாத்திரையைவிடப் பலமான சடங்கு. படுக்கவைத்து, முழங்காலைத் துடைத்து, மூட்டுச் சில்லின் ஓரத்தை விரலால் தேடி, நீண்ட ஊசியை உள்ளே இறக்கும்போது, உடம்பும் மனமும் சேர்ந்து குணத்தை எதிர்பார்க்கின்றன. வெவ்வேறு போலிச் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு, மூட்டுக்குள் செலுத்திய மருந்தில்லாத ஊசி, மருந்தில்லாத மாத்திரையைக் காட்டிலும் கணிசமாக வலியைத் தணித்தது என்று காட்டியது. அந்த நிவாரணம் பொய்யன்று. அனுபவிப்பவருக்கு அது மெய்யே. ஆயினும் அதை மருந்தின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது.

சாயமேற்றிய துணியின் நிறம் சரியா என்று தீர்மானிக்க, பனியன் கம்பெனியில் அதைத் தனியே தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட சாம்பிளை லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் வைத்தே பார்ப்பார்கள். மூட்டு ஊசிப் பரீட்சையில் அந்தச் சாம்பிளின் ஸ்தானத்தில் இருப்பது உப்பு நீர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றதற்கு உப்பு நீரும் செலுத்தி, யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியாமல், வலியைக் கேட்டு எழுதுபவரும் அறியாமல் மறைத்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும். மறைப்பது எளிதன்று. ஜெல் மருந்து தடிப்பானது. ஊசியை அழுத்தும் கட்டைவிரலே அது உப்பு நீர் அன்று என்று கண்டுகொள்ளும். பி.ஆர்.பி. மஞ்சள் நிறமானது, ஊசிக் குழாய்க்கு ஒளி புகாத உறை சுற்றினால்தான் ரகசியம் நிலைக்கும், அதோடு உப்பு நீர்க் கூட்டத்தாரிடமிருந்தும் வீணாக ரத்தம் எடுக்கவேண்டியிருக்கும். ஊசி போடுபவர் ஒருவராகவும், பின்னர் வலியை அளப்பவர் வேறொருவராகவும் இருக்கவேண்டும். இந்தச் சிரமங்களை ஏற்றுக்கொண்ட பரீட்சைகள் எவை, ஏற்காதவை எவை என்று பிரித்துப் பார்ப்பதே வாசகர் செய்யவேண்டிய முதற்காரியம்.

ஜெல் ஊசியின் சரித்திரம் இதற்குச் சிறந்த உதாரணம். ஹையலுரானிக் அமிலம் என்ற பொருளை 1934-இல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பிற்காலத்தில் சேவல் கொண்டையிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் அது தயாராயிற்று. ஆரோக்கியமான மூட்டு நீருக்கு வழுவழுப்பைத் தருவது இதுவே. தேய்ந்த மூட்டில் இது குறைகிறது. குறைந்ததை வெளியிலிருந்து நிரப்பிவிட்டால் மூட்டு பழையபடி வழுக்கும் என்ற வாதம் கேட்பதற்கு இனிமையானது. அமெரிக்காவில் 1997-இல் இது மருந்தாக அல்லாமல் ஒரு சாதனமாக அங்கீகாரம் பெற்று, உலகெங்கும் பரவியது. ஆனால் உள்ளே செலுத்திய பொருள் அங்கே அரை ஆண்டு தங்குவதில்லை. பெரும்பாலான வகைகள் சில நாட்களிலோ வாரங்களிலோ கரைந்துபோகின்றன. 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெரேராவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு 169 பரீட்சைகளையும் 21,000-க்கு மேற்பட்ட நோயாளிகளையும் கணக்கில் எடுத்தது. அவற்றுள் போலி ஊசியோடு ஒப்பிட்ட 24 பெரிய பரீட்சைகளை மட்டும், ஏறத்தாழ 9,000 பேர் பங்குகொண்டவற்றை, பிரித்துப் பார்த்தபோது, நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில் ஜெல் ஊசி உப்பு நீரை மிஞ்சியது இரண்டு மில்லிமீட்டர்தான். நோயாளி உணரக்கூடிய குறைந்தபட்ச வித்தியாசம் ஒன்பது மில்லிமீட்டர் என்பது அவர்கள் முன்கூட்டியே வகுத்த எல்லை. கடுமையான உபத்திரவங்களோ ஜெல் கூட்டத்தில் ஓரளவு மிகுதியாக இருந்தன. அதைவிட மனத்தை வருத்துவது, 2009-ஆம் ஆண்டிலேயே இந்த முடிவை எட்டப் போதுமான ஆதாரம் சேர்ந்துவிட்டிருந்தது என்று அவர்கள் கண்டதுதான். சிறிய பரீட்சைகள் பெரிய பலனைக் காட்டின. பெரிய பரீட்சைகளிற் சில அச்சேறாமலே கிடந்தன. அச்சேறியவற்றை மட்டும் படித்த வைத்தியர்களும் அவர்களை நம்பிய நோயாளிகளும் பதின்மூன்று ஆண்டுகள் மேலும் பணம் செலவழித்தார்கள். அமெரிக்க வாதநோய்ச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி முழங்காலுக்கு ஜெல் ஊசி வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. இடுப்புக்கு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது. மூட்டில் எண்ணெய்ப் பசை வற்றிவிட்டது என்று சொல்லி இன்னமும் அதே ஊசியை நம் ஊர்களில் விற்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பி.ஆர்.பி. விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு கௌரவமான பங்கு உண்டு. நோயாளியின் ரத்தத்தை எடுத்துச் சுழற்பொறியில் இட்டால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் மூட்டைச் செப்பனிடும் என்பது எதிர்பார்ப்பு. பலரும் உப்பு நீரோடு ஒப்பிடாமலே இதைப் புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், சண்டிகரில் உள்ள முதுகலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் தில்லான், பட்டேல் முதலிய வைத்தியர்கள் அந்த ஒப்பீட்டைச் செய்து 2013-இல் பிரசுரித்தார்கள். இரண்டு முழங்காலும் தேய்ந்த 78 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரு ஊசி, ஒரு கூட்டத்துக்கு இரண்டு ஊசி, மூன்றாவது கூட்டத்துக்கு உப்பு நீர் என்று பிரித்தார்கள். ஆறு மாதம் வரையில் பி.ஆர்.பி. பெற்ற இரு கூட்டமும் தெளிவாகத் தேறின. ஒன்றுக்கும் இரண்டுக்கும் பேதமில்லை. உப்பு நீர்க் கூட்டமோ தேறவே இல்லை. ஆறாவது மாதத்தின் முடிவில் பலன் சரியத் தொடங்கியது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னி நகரங்களில் கிம் பென்னல் தலைமையில் 288 பேரைக் கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள் போட்டு, ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்த பரீட்சை 2021-இல் வெளியாயிற்று. பத்துக்கு எண்ணும் வலியளவில் பி.ஆர்.பி. கூட்டத்துக்கு 2.1 குறைந்தது, உப்பு நீர்க் கூட்டத்துக்கு 1.8 குறைந்தது. குருத்தெலும்பின் பருமன் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு நலிந்தது. இந்த இரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பி.ஆர்.பி. பெற்றவர்கள் இரு இடங்களிலும் தேறியிருக்கிறார்கள். வித்தியாசப்படுவது உப்பு நீர் பெற்றவர்களே. சண்டிகரில் உப்பு நீர் ஏன் சுகம் தரவில்லை, மெல்போர்னில் ஏன் தந்தது என்ற கேள்வியே இங்கே திறவுகோல். சண்டிகரில் உப்பு நீர்க் கூட்டம் இருபத்து மூன்று பேரே. ஒருவருடைய இரு முழங்காலையும் இரண்டு தனி எண்ணிக்கையாகக் கொண்டால் ஆதாரம் உள்ளதைவிடக் கனமாகத் தோன்றும். தயாரிப்பு முறையும் வேறு. ரத்தத்தின் வெள்ளணுக்களை வடிகட்டியதா, தட்டணு எத்தனை மடங்கு செறிந்தது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இந்தப் பேதங்களைக் காட்டி, பி.ஆர்.பி. பயனுடையதே, சரியாகத் தயாரிக்கவேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூற்று பொய்யென்று நிரூபிக்கப்படவில்லை. எனினும் பெரிய, நீண்ட, நன்றாக மறைக்கப்பட்ட பரீட்சையின் பக்கமே என் மனம் சாய்கிறது. அதை வெல்லும் மற்றொரு பரீட்சை வரும் வரையில் அவ்வாறே சாய்ந்திருப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஸ்டெம் செல் சிகிச்சை இந்தியாவின் சொந்த முயற்சியாகவே ஒரு கட்டத்தை எட்டியிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம், ஆரோக்கியமான கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை வளர்த்து, முதலில் 60 பேரிடம் நான்கு வேறு அளவுகளைப் பரீட்சித்தது. செல்களின் எண்ணிக்கை மிகுந்தால் பலன் மிகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் மிகக் குறைந்த அளவான இரண்டரைக் கோடி செல்களே நயமாகத் தோன்றியது. அளவு ஏற ஏற மூட்டு வீக்கமும் வலியும் மிகுந்தன. பின்னர் 146 பேரைக் கொண்ட மூன்றாம் கட்டப் பரீட்சையில் ஓராண்டு வரையில் செல் கூட்டம் போலிக் கூட்டத்தைவிட நன்றாக இருந்தது என்று 2023-இல் பிரசுரமாயிற்று. அதற்கு முன்பே, 2022-இல், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அங்கீகாரம் அளித்துவிட்டார். அதே 2023-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 480 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு பரீட்சையில், மூன்று வேறு மூலங்களிலிருந்து எடுத்த செல் சிகிச்சைகளை, மலிவான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டபோது, ஓராண்டின் முடிவில் ஒன்றுகூட ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. செல்களின் இனம் வேறு, ஒப்பிட்ட பொருள் வேறு; ஆகையால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் பெங்களூர்ப் பரீட்சையை, அதில் லாபம் அடையாத வேறொரு ஸ்தாபனம், இன்னும் பெரிய தொகையினரிடம் திரும்பச் செய்து பார்க்கும் வரையில், அதன் பெயரால் விளம்பரம் செய்வது அவசரமே. தவிர, அங்கீகாரம் பெற்ற அந்தத் தயாரிப்பு ஒன்று. ஏதோ ஓர் அறையில் நோயாளியின் கொழுப்பையோ மஜ்ஜையையோ எடுத்துப் பதப்படுத்தி ஸ்டெம் செல் என்ற பெயரில் போடுவது முற்றிலும் வேறு. பின்னதற்கு முன்னதன் ஆதாரம் சொந்தமாகாது.

நமது சிந்தனையைத் தூண்டும் வேறு இரண்டு மருந்துகள் அயல்நாட்டில் பரீட்சிக்கப்பட்டவை. ஸ்ப்ரைஃபெர்மின் என்ற வளர்ச்சிக் காரணியை 549 பேரின் முழங்காலில் செலுத்திப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். அதிக அளவு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு இரண்டு ஆண்டில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடித்தது. போலிக் கூட்டத்துக்கு மெலிந்தது. மனிதரின் குருத்தெலும்பை ஒரு மருந்து வளரச் செய்தது என்று சொல்லத்தக்க அரிய நிகழ்ச்சி. ஆனால் வலியில் வித்தியாசம் இல்லை. டானெஸுமாப் என்பது அதற்கு நேர்மாறு. தோலடியில் செலுத்தும் இந்த மருந்து, வலியுணர்வை வளர்க்கும் ஒரு புரதத்தைத் தடுத்து, முழங்கால், இடுப்பு வலியை மெய்யாகவே தணித்தது. ஆனால் அதைப் பெற்றவர்களில் சிலருக்கு மூட்டு மிக வேகமாக இடிந்துபோயிற்று. 2010-இல் அமெரிக்க அதிகாரிகள் பரீட்சைகளை நிறுத்திவைத்தார்கள். பின்னர் மீண்டும் தொடங்கி, 2021-இல் ஆலோசனைக் குழு பத்தொன்பதுக்கு ஒன்று என்ற வாக்கில் எதிர்த்தபின், உற்பத்தியாளரே கைவிட்டார். மூட்டு செழித்தும் வலி நீங்காமை ஒன்று. வலி நீங்கியும் மூட்டு அழிந்துபோனமை மற்றொன்று. ஒன்றரை ஷிப்ட் நிற்கவேண்டிய ஒரு தொழிலாளிக்கு இரண்டாவதே அதிக பயங்கரமானது. ஏனென்றால் வலி என்ற தடை அகன்றால் அவள் இன்னும் அதிக நேரம் நிற்பாள்.

மூட்டை நலியச் செய்யுமோ என்ற சந்தேகம் பழைய ஸ்டீராய்டு ஊசியின்மேலும் உண்டு. பாஸ்டனில் மெக்அலிண்டன் குழுவினர் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டையோ உப்பு நீரையோ செலுத்தினார்கள். 2017-இல் வெளியான முடிவு: வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு ஸ்டீராய்டு கூட்டத்தில் 0.21 மில்லிமீட்டரும் உப்பு நீர்க் கூட்டத்தில் 0.10 மில்லிமீட்டரும் மெலிந்தது. சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு சுகம் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வீங்கிச் சிவந்து நடக்க முடியாமல் கிடப்பவருக்கு அந்தச் சில வாரங்கள் பெரிய வரம். அதையே தொடர் வழக்கமாக்குவதைத்தான் இந்தப் பரீட்சை எச்சரிக்கிறது. நீரிழிவு மலிந்த நம் ஜில்லாக்களில் ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும், மூட்டு மாற்று அறுவைக்கு முந்திய மூன்று மாதத்தில் இந்த ஊசி தொற்றுக்கு வழி செய்யும் என்பதையும் நோயாளிக்குச் சொல்லிவிடுவது கடமை. 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் டெய்லியும் சகாக்களும் பிரசுரித்த ஒப்பீட்டை நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு ஊசியும், பாதிப்பேருக்குப் பிஸியோதெரபியும் கொடுத்து ஓராண்டு கழித்து அளந்தபோது, அதிகமானால் அதிக வேதனை என்று பொருள்படும் அளவையில் ஊசிக் கூட்டம் 55.8 ஆகவும், தேகப்பயிற்சிக் கூட்டம் 37.0 ஆகவும் இருந்தன. பயிற்சிக்கு மறைக்கும் உறை கிடையாது என்பது மெய்தான். அந்தக் குறையோடும் வித்தியாசம் பெரிதாகவே இருக்கிறது.

இடுப்பு மூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆழத்தில் இருப்பதால் அல்ட்ராசவுண்ட் கண்காணிப்போடுதான் ஊசி செலுத்தவேண்டும். இங்கிலாந்தில் 199 பேரைக் கொண்டு 2022-இல் முடிந்த பரீட்சையில் சில மாதங்கள் நிவாரணம் தெரிந்தது. ஆசியர்களிடம் இடுப்புத் தேய்வு ஐரோப்பியரைவிடக் குறைவு. முழங்கால் தேய்வோ குறைவன்று. பீஜிங்கில் செய்த ஆராய்ச்சி, இளமையில் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்வு மிகுதி என்று கண்டது.

இதுவே அளவுகோல் பற்றிய கேள்விக்கு நம்மை இட்டுச் செல்கிறது. உலகெங்கும் ஊசிப் பரீட்சைகள் வோமாக் என்ற வினாத்தொகுப்பால் அளக்கப்படுகின்றன. கனடாவில் பெல்லமி வகுத்த அதில் 24 கேள்விகள். காரில் ஏறி இறங்குவது, காலுறை போடுவது, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது முதலியவை அவற்றில் உண்டு. சம்மணமிடுவதும் குத்தவைப்பதும் இல்லை. பூனாவில் அரவிந்த் சோப்ராவின் வாதநோய் மையம் இதை உணர்ந்து, இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப அந்தத் தொகுப்பை மாற்றி அமைத்தது. செயலால் பெரியவர் அவர் என்று சொல்லவேண்டும். எனினும் செக்கிங் மேஜை முன் எத்தனை மணி நேரம் வலியின்றி நிற்க முடிந்தது, சிங்கர் மிஷினின் பெடலை எத்தனை மணி நேரம் மிதிக்க முடிந்தது, மாதத்தில் எத்தனை ஷிப்ட் தவறிப்போயிற்று என்ற கேள்விகள் இவ்விரு தொகுப்புகளிலும் இல்லை. தொழிலாளியின் வயிற்றுக்கு எது ஆதாரமோ அதை அளக்காத பரீட்சை, அவளுக்கு அரைப் பதிலையே தருகிறது.

முழுப் பதில் பெற அந்தத் தொழிலாளர்களிடமே பரீட்சை நடத்தவேண்டும் என்றால், ஏழைகளை வைத்துப் பரீட்சை செய்வதா என்று கேட்பவர் கேட்கலாம். அதற்குச் சட்டமும் சரித்திரமும் பதில் சொல்கின்றன. 2009-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் மருந்துப் பரீட்சைகளை மத்தியப் பதிவேட்டில் முன்கூட்டிப் பதிவது கட்டாயம். 2019-இல் வந்த புதிய மருந்து மற்றும் பரீட்சை விதிகள், நெறிமுறைக் குழுவின் அனுமதியையும், நோயாளியின் அறிந்த சம்மதத்தையும், தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டையும் வற்புறுத்துகின்றன. சரித்திரமோ சென்னையில் இருக்கிறது. 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சானடோரியத்தில் படுக்கவைத்துச் செய்யும் வைத்தியமும், சென்னையின் நெருக்கமான வீடுகளிலேயே மருந்து கொடுப்பதும் ஒரே பலனைத் தருமா என்று பார்த்தது. தரும் என்று 1959-இல் கண்டது. உலகத்துச் சானடோரியங்கள் நாளடைவில் மூடப்பட்டன. அந்தக் குடிசைகளின் ஏழைகள் பரிசோதனைப் பொருளாக நடத்தப்படவில்லை. வீட்டுக்கு வீடு சென்று கவனிக்கப்பட்டார்கள். குடும்பத்தாரும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டார்கள். அந்த மனோபாவத்தோடு திருப்பூரிலும் ஒரு மூட்டுப் பரீட்சை நடக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அது எவ்வாறு இருக்கலாம்? ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஒரு கூட்டத்துக்கு உப்பு நீர். மூன்றாவதற்கு, 2021 முதல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீடுவரை வரும் பிஸியோதெரபிஸ்ட் கற்பிக்கும் தொடைத்தசைப் பயிற்சி. வலியோடு கூட, நின்ற நேரத்தையும், தவறிய ஷிப்டுகளையும், குத்தவைத்து எழ முடிகிறதா என்பதையும் இரண்டு ஆண்டுகள் எழுதவேண்டும். இதில் கஷ்டமான பகுதி பின்தொடர்தல்தான். வெளியூர்த் தொழிலாளர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்புவார்கள். சிலர் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் அரைநாள் இழந்து பரிசோதனைக்கு வருவது அவருக்கு நேரடி நஷ்டம். ஆகவே பரிசோதனை ஞாயிற்றுக்கிழமையில், ஊத்துக்குளி சாலையிலேயே ஒரு கூடத்தில் நடக்கவேண்டும். வேலை இழப்புக்கு ஈடு கொடுக்கவேண்டும். ஊருக்குப் போனவரைத் தொலைபேசியில் அவருடைய பாஷையிலேயே கேட்டு எழுதவேண்டும். பேடன்ட் தீர்ந்த மருந்தையும் உப்பு நீரையும் தேகப்பயிற்சியையும் ஒப்பிடுவதால் எந்த மருந்துக் கம்பெனிக்கும் லாபம் இல்லை; ஆகையால் எந்தக் கம்பெனியும் இதற்குப் பணம் தராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும், இங்கேயே இயங்கும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும், தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவமனைகளும் சேர்ந்தே இதைச் செய்யவேண்டும். ஏற்றுமதியாளர் சங்கங்கள் செய்யவேண்டிய உதவி, பரீட்சையில் சேரும் பெண்ணுக்கு அந்த இரண்டு ஆண்டும் செக்கிங் மேஜை வேலையை உறுதிசெய்வதும், முடிவு எதுவாக இருந்தாலும் அதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஒட்டுவதுமே.